உலகம்மாள் அக்கா நீக்கிய அத்தியாயம்

செய்தி ஒல்லாந்திலிருந்து வந்தது. தென்காசியில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தவர் திருநெல்வேலி மருத்துவமனையில் இறந்துபோன செய்தியை, அந்த நெதர்லாந்தில், ராட்டர்டாமில் வேலை பார்க்கும் அவருடைய மகன் கணேசன்தான் எனக்குச் சொன்னான். மருத்துவமனையில் அவன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். நான் அப்போது குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில், ஒரு பழக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. அன்று மாலை அவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகலாம் என்று மங்குஸ்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சாந்தா அத்தை, அம்மா போயிட்டா" என்றான் கணேசன். கடைக்காரர் பையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன்.

பேராசிரியர் உலகம்மாளை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் வரலாறு படித்தவர்களுக்கு அவர் கப்பல் டீச்சர். உடன் வேலை பார்த்த எங்களுக்கு உலகம்மாள் அக்கா. ஒல்லாந்துக் கடற்படையின் நீராவிப் போர்க்கப்பல்களைப் பற்றியும் அவற்றைக் கட்டிய தளங்களைப் பற்றியும் தமிழில் முழுதாக ஒரு புத்தகம் எழுதியவர். எனக்குத் தெரிந்து வேறு யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் இவரிடம் மாட்டிக்கொண்டு விழித்திருப்பார்கள்.

நான் இயற்பியல் துறை. வரலாறு என்றால் மாமன் மச்சான் சண்டை என்பது என் எண்ணம். ஆசிரியர் அறையில் முதல்முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்த அன்று, விரித்து வைத்திருந்த கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு, "கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இது எதுக்கு அக்கா?" என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கடலப் பாத்து வளந்தவன் மீன் பிடிக்கப் போயிருவான். பாக்காதவதான் உக்காந்து படிக்கணும்" என்றார். பிறகு காரணத்தையும் சொன்னார். "தூத்துக்குடிய இங்கிலீஷ்காரன் கையில குடுத்துட்டு ஒல்லாந்துக்காரன் கப்பலேறுதான். அதோட நம்ம பாடப்புஸ்தகம் அவன விட்டுருது. போனவன் அவன் வீட்ல போயி என்ன செஞ்சான்னு ஒருத்தரும் கேக்கல. பாதிப் படத்துல எந்திரிச்சு வந்தா ஒனக்குத் தூக்கம் வருமா?" அவன் போய்ச் செய்தது நீராவிக் கப்பல். பாய்மரத்தில் வந்தவன் வீட்டுக்குத் திரும்பிய காலத்தில்தான் அவர்கள் கடற்படையில் கொதிகலனும் துடுப்புச் சக்கரமும் ஏற ஆரம்பித்தன.

அந்தக் கொதிகலன்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. பழைய கப்பல்களில் கடல்நீரையே காய்ச்சினார்கள், அடிக்கடி உப்புக் கரைசலை வெளியே திறந்துவிட்டார்கள் என்று ஏதோ ஒரு டச்சுக் கட்டுரையில் படித்திருக்கிறார். ஏன் என்று என்னிடம் கேட்டார். நான் கரும்பலகை வேண்டும் என்றேன். "கரும்பலகைல்லாம் வேண்டாம், கண்ணால காட்டு" என்றார். விடுதிச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைக் காட்டினேன். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கே இந்தக் கதி என்றால் கடல்நீருக்கு எப்படி இருக்கும், உப்பு படிந்த இடத்தில் தகடு எப்படிச் சூடேறிப் பழுதாகும் என்று சொன்னேன். அவர் ஒரு கரண்டியை எடுத்து அந்தப் படிவைச் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டார். மறுநாள் அது வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி வந்தது. உங்களில் சிலர் அதை நாக்கில் வைத்துப் பார்த்து ஏச்சு வாங்கியது எனக்குத் தெரியும்.

அவர் பாடம் நடத்துவது போர்களை அல்ல. சக்கரத்தைப் பக்கவாட்டில் வைத்தால் பீரங்கிக்கு இடம் போய்விடும், எதிரியின் ஒரே குண்டில் சக்கரமும் போய்விடும், அதனால்தான் சுழல்விசிறியைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோனார்கள் என்பார். நிலக்கரியை மிச்சம் பிடிக்கப் புகைபோக்கியைத் தாழ்த்தி, விசிறியை மேலே தூக்கி வைத்துவிட்டுப் பாய் விரித்துப் போன கப்பல்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். சிக்கனம் அவருக்குப் பிடித்த குணம். அந்த நாட்டின் துறைமுகங்களில் ஆழம் குறைவு, ஆகவே பிற நாட்டாரைப் போல மலை மலையாகக் கட்டவில்லை, தண்ணீருக்குத் தக்கபடி கட்டினார்கள் என்பதையும் விடமாட்டார். இரும்புக் கப்பல் வந்தபோது அவர்கள் செய்ததுதான் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளிநாட்டுத் தளத்தில் ஒன்றைக் கட்டச்சொல்லி வாங்கினார்கள். அதே வடிவில் அதன் தங்கைக் கப்பலை ஆம்ஸ்டர்டாமில் தாங்களே கட்டினார்கள். "சம்பந்தி வீட்டுப் பலகாரத்த ருசி பாத்துட்டு அடுத்த தீவாளிக்கு நம்ம அடுப்புல சட்டி வைக்கது மாரி" என்று அவர் சொன்னதை விடைத்தாளில் அப்படியே எழுதி வைத்த பெண்ணும் உண்டு. அதற்கு மதிப்பெண் போட்டார்.

டச்சு மொழியை அவர் அகராதியை வைத்துக்கொண்டே படித்தார். பேசிக் கேட்டதே இல்லை. படிக்கும்போது எழுத்துக்கு எழுத்து தென்காசி உச்சரிப்பில் சத்தமாகப் படிப்பார். ஆசிரியர் அறையே சிரிக்கும். "சிரிங்கட்டி, அவன் எழுதுனது எனக்குப் புரியுதுலா? நான் சொல்லுதது அவனுக்குப் புரியணும்னு என்ன அவசியம்?" என்பார். பின்னாளில் மகனைப் பார்க்க அங்கே போனபோது கடையில் ரொட்டி கேட்டிருக்கிறார். கடைக்காரப் பெண் கடைசி வரை விழித்துக்கொண்டே நின்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லித் தானும் சிரிப்பார்.

புத்தகம் அவர் பணி ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்தது. அதில் ஒரு அத்தியாயம் எல்லோரையும் கட்டிப்போட்டது. தலைப்பு, 'மூட ஆளில்லாத மரங்கள்.' மரக்கப்பல் கட்டிவந்த தளம் ஒன்று, இரும்பு வந்த பிறகு என்ன ஆனது என்ற கதை. ஒரு பழைய படத்திலிருந்து தொடங்கும். தளத்துக்குள் ஒரு குளம், அதில் பெரிய பெரிய ஓக் மரத் தடிகள், பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. "மரங்கள் நனைந்துகொண்டிருந்தன. அவற்றை மூட ஒருவரும் வரவில்லை. இரும்பு வந்த பிறகு மரத்துக்கு யார் குடை பிடிப்பார்கள்?" என்று எழுதியிருந்தார். தச்சர்கள் தங்கள் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பிய நாளை அவர் எழுதியிருந்த விதம் யாரையும் கலங்கடிக்கும். நான் அதைப் பேருந்தில் படித்துக்கொண்டே வந்து, தென்காசியில் இறங்காமல் கடையநல்லூர் வரை போய்விட்டேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவரைக் கூப்பிட்டு அந்த அத்தியாயத்தைப் பற்றியே பேசினார்கள். பட்ட வகுப்புப் பாடநூலில் அதைச் சேர்க்கவும் முடிவானது. வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன்னைப் பற்றிப் பெருமை பேசாதவர், அந்த ஒரு வாரம் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒல்லாந்துப் பயணம். கணேசன் பயணச்சீட்டு எடுத்து அனுப்பினான். அங்கே போய்ச் சேர்ந்த வாரமே எனக்கு ஒரு படம் வந்தது. எருமை என்று பெயர் வைத்த போர்க்கப்பல் ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் கட்டி வாங்கியது, முன்னால் எதிரிக் கப்பலை இடித்துத் துளைக்கும் முகம் உள்ளது. அதன் மேல்தளத்தில் குளிர் குல்லாவும் சேலையுமாக நின்றுகொண்டு, "எருமை மேல நிக்கேன். எமன்ட்ட சொல்லிரு, அவன் வண்டி இங்கன இருக்கு" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

அடுத்த வாரம் பேச்சே இல்லை. நான் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். கணேசனும் காரணம் தெரியாமல் தவித்தான். நடந்தது இதுதான். இன்னொரு ஊரில் பழைய கடற்படைத் தளம் ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு குளம். அதன் ஓரத்தில் பார்வையாளர்களுக்காக ஒரு விளக்கப் பலகை. வெட்டிய ஓக் மரத்தைத் தண்ணீருக்குள் மூழ்கப் போட்டு வைத்தால் உள்ளிருக்கும் சாறு வெளியேறும், காயும்போது வெடிக்காது, வேண்டும்போது எடுத்துக் கப்பலுக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. மரத்தை நனையவிட்டது கைவிட்டதால் அல்ல, காப்பாற்றுவதற்காக. அகராதியை வைத்து டச்சு படித்த அந்த அம்மாள், தன் புத்தகத்தின் மிகச் சிறந்த அத்தியாயம் தப்பு என்பதை யார் உதவியும் இல்லாமல் தானே படித்துத் தெரிந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் முதலில் பதிப்பாளரைக் கூப்பிட்டார். இரண்டாம் பதிப்புக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. "டீச்சர், அந்த அத்தியாயத்துக்காகத்தான் புஸ்தகமே போகுது. ஒரு அடிக்குறிப்பு போட்டுருவோம்" என்றார் அவர். "அடிக்குறிப்ப யாரு படிக்கா? நீங்களே படிக்க மாட்டீங்க" என்றார் அக்கா. பாடநூல் குழுவுக்கும் தானே எழுதி, அத்தியாயத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மழை ஓய்ந்து, குற்றாலத்தில் கூட்டமும் ஓய்ந்திருந்த ஒரு பகலில் அவரை ஐந்தருவிப் பக்கம் ஒரு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "மரத்த எதுக்கு நனைய விட்டான்னு தமிழ்நாட்டுல எவனுக்கு அக்கா தெரியப் போகுது? எவ்வளவு நல்லா எழுதிருக்கீங்க!" என்றேன்.

"நல்லாருக்கதுதாம்ட்டி வெனையே" என்றார்.

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவர் சொன்ன அளவுதான் எனக்குத் தெரியும், அதை மட்டுமே இங்கே வைக்கிறேன்.

"எங்கப்பாவுக்குச் செங்கோட்டை ரோட்டுல மரம் அறுக்க மில்லு இருந்துச்சு. அம்மா எறந்துபோன வருசம் அப்பா மில்லுப் பக்கமே போகல. கேரளாவுல இருந்து வந்து எறங்குன தேக்கு, அயினி எல்லாம் அங்கன கெடக்கு. சாரல் அடிக்கி. தடி மேல எல்லாம் காளான் பூத்துப் போச்சு. நான் படுதாவத் தூக்கிட்டுப் போயி, வாங்கப்பா ரெண்டு பேருமா மூடிருவோம்ங்கேன். 'நனையட்டும் விடு'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மில்லு ஓடல. அந்த டச்சுப் படத்தப் பாத்தேம்லா, குளத்துல தடி கெடந்துச்சுலா, எனக்கு அது குளமாவே தெரியல. எங்க மில்லுதான் தெரிஞ்சுது. படத்துல ஆள் இல்ல. எங்க மில்லுலயும் ஆள் இல்ல. வேற எதையும் தேடிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

என் டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஒல்லாந்துக்காரன் மரத்தத் தண்ணில போட்டது அது நெறைய நாளு இருக்கணும்னு. எங்கப்பா மழையில விட்டது இனிமே என்னத்துக்குன்னு. ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதிப்புட்டேன். அங்க உள்ள தச்சன் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கான், நான் அவன உளியோட வீட்டுக்கு அனுப்பிட்டேன். எங்கப்பா பாவம், அவரப் பத்தி எழுதுனது அவரு பேரே இல்லாம எவனோ வெள்ளக்காரன் கணக்குல போயிருச்சு."

அப்போதும் நான் விடவில்லை. அந்த அத்தியாயத்தை நீக்கினால் அப்பாவுக்கு இருக்கிற ஒரே இடமும் போய்விடுமே என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "அதான்ட்டி ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தியாயம் போய்விட்டது. அந்த இடத்தில் 'குளத்து மரம்' என்று புதிதாக ஒன்று எழுதினார். அதில் யாரும் உளியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கிழக்கே வெப்பக் கடலுக்குப் போகும் இரும்புக் கப்பலில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் கெடுத்துவிடும் என்பதால், இரும்பு உடம்புக்கு வெளியே மரப்பலகை அடித்து அதன்மேல் துத்தநாகத் தகடு போர்த்தினார்கள், ஆகவே இரும்புக் காலத்திலும் தச்சனுக்கு வேலை இருந்தது என்று எழுதினார். சரியான அத்தியாயம். பேருந்தில் படித்தால் இறங்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இறங்கிவிடலாம். பாடநூல் குழு பழையதை எடுத்துவிட்டது, புதியதைச் சேர்க்கவில்லை. இரண்டாம் பதிப்பில் உயிர் இல்லை என்று ஒருவர் மதிப்புரை எழுதினார். அதை என்னிடம் வாசித்துக் காட்டி, "சரியாத்தான சொல்லுதான். அது எங்க வீட்டு உயிரு, நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். சிரித்தார் என்றாலும் அது அவரைத் தைத்தது எனக்குத் தெரியும். அவர் செய்தது சரிதானா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய பதிப்பைத்தான் நான் இன்னும் எடுத்துப் படிக்கிறேன், அவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டாம் பதிப்பு வேலையின்போது என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். எங்காவது நடை கொஞ்சம் அழகாகப் போனால் உடனே கையைத் தூக்குவார். "நிறுத்து. இது அங்க உள்ள மரமா, எங்க வீட்டு மரமா?" என்பார். சில இடங்களில் பதில் உடனே வரும். சில இடங்களில் காப்பி ஆறிப்போகும் வரை யோசித்துக்கொண்டிருப்பார். அருமையான பல வரிகள் அந்தக் கேள்வியில் அடிபட்டுப் போயின.

அப்பாவைப் பற்றித் தனியாக எழுதுவது என்று முடிவு செய்திருந்தார். கப்பல் இல்லாமல், ஒல்லாந்து இல்லாமல், மில்லும் அப்பாவும் மட்டும். பலமுறை ஆரம்பித்தார். "கப்பலு இல்லாம அவர எழுத வரமாட்டேங்கு. எப்பிடித் தொடங்குனாலும் ஒரு புகைக்கொழா வந்து நிக்கி" என்று அலுத்துக்கொள்வார். ஆரம்பித்ததையெல்லாம் கிழித்துப் போட்டார். அவர் அதை எழுதிவிடுவார் என்றே நான் நம்பினேன். அதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் திருநெல்வேலியிலும் மீதி நாள் அசதியிலும் போனது.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு முந்தின நாள் மாலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச நேரம்தான் உள்ளே விட்டார்கள். கையில் ஊசி ஏற்றியிருந்தது. எழுத முடியாது. "இன்னும் ஒரு சாரல் காலம் கெடச்சாப் போதும்ட்டி. அப்பாவ எழுதிருவேன்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "நீங்க சொல்லுங்க அக்கா, நான் எழுதுதேன். உங்க பேர்லயே போடுவோம்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"நீ எழுதுனா உங்கப்பா வந்துருவாருட்டி" என்றார்.

அவர் இறந்த மறுநாள் கணேசன் வந்து சேர்ந்தான். சிற்றாற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. நம் கல்லூரிப் பெண்களான நீங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தீர்கள். அக்காவின் அப்பாவைப் பற்றி யாராவது எழுதித் தர முடியுமா என்று கணேசன் என்னிடம் கேட்டான். நான் முடியாது என்றேன். அந்த மில்லை நான் பார்த்ததில்லை, அந்தச் சாரலில் நான் நின்றதில்லை. டீக்கடையில் கேட்ட அந்தச் சில வாக்கியங்களை மேலே அப்படியே வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது வேறு யாருடைய அப்பாவாகவோ ஆகிவிடும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அங்க உள்ள மரமா, எங்க வீட்டு மரமா என்ற அந்தக் கேள்விதான். இயற்பியல்காரியான எனக்கு அது இவ்வளவு நாள் பெரிதாகப் பயன்பட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது பயன்பட்டது. முதலில் எழுதியபோது, "அக்கா அமைதியாகக் கண்ணை மூடினார்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதியதும் எனக்கே ஆறுதலாக இருந்தது. படித்துப் பார்த்த கணேசனும் நன்றாக இருக்கிறது என்றான். பிறகு அக்கா கையைத் தூக்கி நிறுத்தியதுபோல இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அமைதியாகக் கண்ணை மூடியது என் அம்மா. உலகம்மாள் அக்கா போகும்போது நான் பக்கத்தில் இல்லை. முந்தின நாள் மாலை நான் பார்த்தவர் அமைதியாக இல்லை. கோபமாக இருந்தார், போக மனமில்லாமல் இருந்தார், என் மணிக்கட்டை விடவே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.